மடித்து வைத்த மருந்துச் சீட்டு

சனிக்கிழமை, காலை 9.25.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை. அதன் உள்ளறையில் பூட்டியிருந்த அலமாரிக்குள்ளிருந்து பதினாலு மாத்திரைகள் காணாமல் போயிருந்தன.

பதினாலு மாத்திரைக்குப் போலீஸா என்று சிரிக்க வேண்டாம். மனப் பதற்றத்துக்குக் கொடுக்கிற மாத்திரை அது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒன்றைக்கூட வெளியே விடக்கூடாது. வாங்கினவர் பெயர், ஊர், எழுதிக் கொடுத்த டாக்டர் எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ரிஜிஸ்டர்படி நாற்பது இருக்க வேண்டும், இருந்தது இருபத்தாறு.

கண்டுபிடித்தவன் கடையை நடத்தும் அபிஷேக். முப்பத்திரண்டு வயது, மூக்கு நுனியில் கோபம். அவன் கை காட்டியது துர்காதேவியை. மூன்று வருஷமாக அங்கே மருந்தாளுநராக இருப்பவள். அவளுடைய பதிவுச் சான்றிதழ்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தொங்கினால்தான் கடை திறக்கலாம், அதுதான் சட்டம்.

அன்று அவள் வந்ததே அந்தச் சான்றிதழைக் கழற்றி எடுத்துப் போகத்தான். அரசு மருந்தாளுநர் வேலைக்குத் தேறியிருந்தாள். அசல் சான்றிதழோடு மதியம் ஒரு மணிக்குள் சென்னையில் நிற்க வேண்டும். தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

"இருப்பு ஒப்படைச்சிட்டுப் போ" என்றான் அபிஷேக். எண்ணிப் பார்த்தால் பதினாலு குறைகிறது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டான்.

காலை 10.10.

சப்-இன்ஸ்பெக்டர் வசந்தா ஜீப்பை விட்டு இறங்கினாள். நாற்பத்தோரு வயது. இருபது வருஷ சர்வீஸ். கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை அவளைத் தெரியாத டீக்கடை கிடையாது. வழக்கில் ஒரு நூல் கிடைத்தால் துணியையே பிரித்துவிடுவாள் என்று டிரைவர் சுப்பிரமணி ஊரெல்லாம் பெருமை அடிப்பான்.

இந்தக் கடைப் படியில் கால் வைத்ததும் அந்த வசந்தாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி எத்தினி?" என்றாள்.

"ரெண்டு மேடம்" என்றான் அபிஷேக். "ஒண்ணு இவங்க கையில. ஒண்ணு எங்க வூட்டுல, பூஜை ரூம் ஆணியில."

"வூட்டுல யார் யாரு?"

"நானு, ஒய்ஃப், அப்பா. ஒய்ஃப் காலைல ஏழு மணிக்கே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனிக்குப் போயிடுவாங்க. அப்பா அதோ."

கடை வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சதாசிவம் உட்கார்ந்திருந்தார். கடையைத் தொடங்கியவர். முப்பத்தெட்டு வருஷம் கவுண்ட்டரில் நின்றவர். போன வருஷம் கம்ப்யூட்டர் பில் வந்தபோது மகன், "நீங்க உக்காருங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அன்று உட்கார்ந்தவர்தான்.

"பெரியவரே, அந்த அலமாரிய நீங்க தொறக்குறது உண்டா?"

"அந்தப் பக்கம் போயே ஒரு வருஷம் ஆச்சும்மா. தலவலி, ஜுரம்னு வந்தா ரெண்டு மாத்திர வெட்டிக் குடுப்பேன். அவ்ளோதான் நம்ம வியாபாரம்." வசந்தாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "உனக்கே தலவலி போல கீதே."

கேட்காமலே ஓர் அட்டையை எடுத்தார். இரண்டு மாத்திரையை வெட்டினார். வெட்டின முனைகளின் கூர்மையைக் கத்தரியால் நறுக் நறுக்கென்று தட்டிவிட்டுக் கொடுத்தார். வசந்தா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

10.20.

அபிஷேக் அலமாரியைத் திறந்து மருந்து டப்பாவை நீட்டினான். "போன மாசம் மூணாந்தேதி வந்த சரக்கு மேடம். நாலு அட்டையும் அப்படியே நிக்குது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. எடுத்துப் பாத்தா மூணு அட்டையில வெட்டி எடுத்திருக்காங்க. பாருங்க."

வசந்தா டப்பாவின் மேல் இருந்த பெயரைப் பார்த்தாள். அத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி சரி. மூடுங்க."

அவளுடைய பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால், எட்டாக மடித்த ஒரு மருந்துச் சீட்டு ஒன்றரை வருஷமாக இருக்கிறது. அதில் எழுதியிருப்பதும் இதே பெயர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் விபத்து. ஒன்பது உடல்களை அவள் கையால் துணி போட்டு மூடினாள். அதற்குப் பிறகு திடீர் திடீரென்று மூச்சு அடைத்தது, நெஞ்சு படபடத்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய் எழுதி வாங்கினாள். திரும்பும்போது மழை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு இந்தக் கடையில்தான் நுழைந்தாள். சதாசிவம் சீட்டைத் தூக்கிப் பிடித்து, நாலு பேர் நடுவில், "இது பயந்தாங்கொள்ளிங்களுக்குக் குடுக்குற மாத்திரயாச்சே, யாருக்கும்மா?" என்று கேட்டார். "ஸ்டேஷன்ல ஒருத்தருக்கு" என்று சொல்லிச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் அதை நீட்டவில்லை.

10.35.

"மேடம், பத்தே கால் பஸ் போயிடுச்சு" என்றாள் துர்காதேவி. குரல் உயரவில்லை. "நான் எடுக்கல. பையக் கொட்டிப் பாத்துக்கோங்க. என்னை வுட்டீங்கன்னா அடுத்த பஸ் புடிப்பேன்."

பையைக் கொட்டினார்கள். சான்றிதழ்க் கோப்பு, டிபன் டப்பா, சீப்பு. மாத்திரை இல்லை.

"கையோட வெச்சுக்குவாங்களா?" என்றான் அபிஷேக். "எஃப்.ஐ.ஆர். போடுங்க மேடம்."

போட்டால் முடிந்தது. அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை உண்டு. அதில் இந்தப் பெயர் நிற்காது. வசந்தாவுக்கு அது தெரியும்.

"இந்த மாத்திரைய நீ எப்படி விப்ப?"

"அட்டையோடதான் மேடம். பத்து, இருபது. டாக்டருங்க அப்படித்தான் எழுதுறாங்க. நான் வெட்டினதே கெடையாது."

வசந்தா ரிஜிஸ்டரைப் புரட்டினாள். உண்மைதான். பத்து, பத்து, இருபது, பத்து.

"எந்தப் பக்கம் வெட்டியிருக்கு?" என்று டப்பாவைத் தொடாமலே கேட்டாள்.

அபிஷேக் பார்த்துச் சொன்னான்: "காலாவதி தேதி இல்லாத பக்கம். தேதி இருக்குற பக்கம் பத்திரமா கீது."

மருந்துக்கடைக்காரர்களின் முதல் பாடம் அது. தேதி அச்சிட்ட முனையைக் கடைசிவரை கடையில் வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்துதான் வெட்டுவார்கள். திருடனுக்கு அந்தக் கவலை ஏது? வெட்டியது தொழில் தெரிந்த கை.

"அப்ப இவங்கதானே மேடம்" என்றான் அபிஷேக்.

வசந்தா டப்பாவின் பக்கமே போகாமல் ஒரு மணி நேரம் ஓட்டினாள். பில்களைப் பார்த்தாள். அபிஷேக்கின் வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துவிட்டு வந்தாள். துர்காதேவி சுவரில் தொங்கிய சான்றிதழுக்குக் கீழே நின்றபடி நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். சதாசிவம் வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

11.40.

தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது. வசந்தா சட்டைப் பைக்குள் விரலை விட்டாள். மாத்திரைத் துண்டு தட்டுப்பட்டது. வெட்டின அட்டையின் முனை ஊசி மாதிரி குத்துமே, இது குத்தவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தாள். வெட்டின முனைகள் இரண்டும் வளைவாக மழுங்கியிருந்தன. அம்மா முன்பு சர்க்கரை நோய்க்கு இங்கே வாங்கி வந்த மாத்திரையிலும் இதே வளைவு. சதாசிவம் கடைத் துண்டு பையைக் கிழிக்காது என்று அம்மா சொல்வாள்.

கவுண்ட்டரில் கிடந்த வெட்டின அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவள் மெதுவாக உள்ளறைக்குப் போனாள். டப்பாவைத் தானே எடுத்தாள். கண்ணைத் திருப்பாமல், மூன்று அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்தாள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? அபிஷேக் டப்பாவை நீட்டிய 10.20 மணிக்கே நேராகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

11.45.

"பெரியவரே, உள்ள வாங்க." ஒரு சத்து மாத்திரை அட்டையையும் கத்தரிக்கோலையும் அவர் கையில் கொடுத்தாள். "இதுல ரெண்டு வெட்டிக் குடுங்க."

சதாசிவம் வெட்டினார். தேதி இல்லாத பக்கம். துண்டை எடுத்து ஒரு முனையைத் தட்டினார், அடுத்த முனையைத் தட்டினார். கையில் மிச்சமிருந்த அட்டையைத் திருப்பி அதன் முனையிலும் கத்தரியை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது.

வசந்தா மூன்று அட்டைகளையும் மேசையில் வைத்தாள். மூன்றிலும் வெட்டின ஓரம் மழுங்கியிருந்தது.

"குடுக்குற துண்டுக்கும் தட்டுவீங்க, கடையில மிச்சம் இருக்கறதுக்கும் தட்டுவீங்க. அடுத்து எடுக்குற கையக் குத்தக்கூடாதுன்னு. துர்காவும் உங்க புள்ளையும் நேரா வெட்டிட்டு வுட்டுடுவாங்க; கவுண்ட்டர்ல கெடக்குற அட்டை எல்லாத்தையும் பாத்துட்டேன். இது போன மாசம் வந்த சரக்கு. நீங்க அலமாரிப் பக்கம் போயி ஒரு வருஷம்னு சொன்னீங்க. புள்ள குளிக்கப் போனதும் ஆணியில இருந்து சாவிய எடுத்திருப்பீங்க. வாரத்துக்கு ரெண்டு, மூணு. அட்டைய மட்டும் நிறுத்தி வெச்சீங்க, எண்ணிக்கை குறைஞ்சது தெரியாம இருக்க. இதுல துர்கா கை படவே இல்ல."

அபிஷேக், "அப்பா" என்றான்.

சதாசிவம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நாற்காலில உக்கார வெச்ச நாள்லேர்ந்து மூச்சு அடைக்குது. செத்துடுவோம்னு தோணுது. இந்த மாத்திர போட்டா ஒரு நாள் ஓடுது."

"டாக்டர்கிட்ட போயி சீட்டு வாங்கியிருக்கலாமே" என்றாள் வசந்தா. சொல்லும்போதே அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

"எந்த மூஞ்சிய வெச்சிகினும்மா போறது? அந்தச் சீட்டக் கொண்டாந்தவங்கள எல்லாம் நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணவன் நானு. என் பேரும் ஒரு ரிஜிஸ்டர்ல ஏறணுமேன்னு பயம்." அவர் துர்காதேவியைப் பார்த்தார். "காலைலயே சொல்லலாம்னு பாத்தேன் பொண்ணு. வாய் வரல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். துர்காதேவி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து தன் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினாள். அபிஷேக் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அவன் மன்னிப்புக் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

"ஜீப்புல ஏறு" என்றாள் வசந்தா.

11.55.

சுப்பிரமணி விரட்டினான். ஆனால் சனிக்கிழமை. மாமல்லபுரத்துத் திருப்பத்தில் டூரிஸ்ட் வண்டிகள் இரண்டு கிலோமீட்டர் நின்றன. சைரன் போட்டும் நகரவில்லை. துர்காதேவி கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு வசந்தா போன் செய்தாள். சப்-இன்ஸ்பெக்டர் என்றாள், நடந்ததைச் சொன்னாள், கெஞ்சவும் செய்தாள். "ஒரு மணிக்கு மேல வந்தா ஆப்சென்ட்தான் மேடம், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று ஒரு குரல் வைத்துவிட்டது.

கோவளம் தாண்டும்போது மணி ஒன்று. இன்னும் முக்கால் மணி நேர ரோடு பாக்கி.

"போதும் மேடம். திரும்பிடலாம்" என்றாள் துர்காதேவி.

சுப்பிரமணி ஓரமாக நிறுத்திவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான்.

"இன்னிக்கு நடந்ததை எழுதி, கையெழுத்து, சீல் எல்லாம் போட்டுத் தரேன். மனு போடு" என்றாள் வசந்தா.

"போடறேன் மேடம். ஆனா லிஸ்ட்டுல அடுத்த ஆளு ரெடியா கீறாங்க." அவள் வசந்தா பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கட்டா? அந்த டப்பாவ நீட்டுனப்ப நீங்க ஏன் பாக்கல?"

வசந்தா பர்ஸைத் திறந்தாள். எட்டாக மடித்ததை எடுத்து நீட்டினாள். ஒன்றரை வருஷத்தில் அவள் அதை நீட்டிய முதல் கை அது.

துர்காதேவி பிரித்துப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"மழையில வந்தீங்களே, அன்னிக்கு. நான் பின்னாடி மருந்து அடுக்கிகினு இருந்தேன்."

"ஸ்டேஷன்ல ஒருத்தருக்குன்னு சொன்னேனே."

"சீட்டுல உங்க பேரு போட்டிருந்துச்சு மேடம். பெரிய சார் தூக்கிப் புடிச்சப்பவே படிச்சிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"எதுக்குச் சொல்லணும்? இன்னொரு நாள் வருவீங்க, அவரு இல்லாத நேரமா குடுத்துடலாம்னு பாத்துகினு இருந்தேன். நீங்க வரவே இல்ல."

வசந்தா கூச்சப்படாமல் ஒரு டப்பாவைப் பார்த்திருந்தால் இந்தப் பெண் இந்நேரம் சென்னையில் வரிசையில் நின்றிருப்பாள்.

"என்னாலதான் உனக்கு வேலை போச்சு" என்றாள்.

துர்காதேவி சீட்டை வந்த மடிப்பிலேயே மடித்தாள்.

"இது செல்லாது மேடம். தேதி ரொம்பப் பழசு. டாக்டர்கிட்ட போயி புதுசா எழுதி வாங்கணும்."

"திங்கக்கெழம போறேன்."

சுப்பிரமணி தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து ஏறினான். ஜீப் திரும்பியது. நெம்மேலி தாண்டியது. பிறகு மடியிலிருந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே துர்காதேவி சொன்னாள்:

"போறப்ப பெரிய சாரையும் கூட்டினு போங்க மேடம். தனியா அவரு போவ மாட்டாரு."