ஆறு நாற்பத்தொன்று

வருகைப் பதிவில் ஒரு வரி மட்டும் முந்திக்கொண்டு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் சாயங்காலம் மணி ஆறு பதினைந்து. திரையில் கலையரசன் பெயருக்கு நேராக, வேலை முடிந்து ஆபீசுக்குள் வந்த நேரம் ஆறு நாற்பத்தொன்று என்று இருந்தது.

யுவராணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உப்பள ஆபீஸ் வாசலில் மாட்டிய விரல்ரேகை மெஷின் அனுப்பும் நேரங்களைப் படித்து அடுக்கும் புரோகிராம் அவள் எழுதியது. மெஷின் உலகப் பொது நேரத்தில் அனுப்பும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் ஊர் நேரம். கூட்டலில் எங்கோ கோட்டை விட்டிருப்போம் என்று மூல வரியைத் திறந்தாள்.

2025-06-12T13:11:00Z

விரல் விட்டுக் கூட்டினாள். ஆறு நாற்பத்தொன்றேதான். தேதியும் இன்றையதுதான்; மாதத்தோடு இடம் மாறவில்லை. மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் நேரம் கச்சிதமாக இருந்தது. தப்பு தன்னுடையதாக இருந்திருக்கக்கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாகிவிட்டது.

வரியை அழித்தாள். அடுத்த நிமிடமே மெஷின் அதைத் திரும்ப அனுப்பியது.

கலையரசன் அவள் புருஷன். உப்பளத்தில் மோட்டார் பார்ப்பவன். பதினைந்து வருஷம் பாத்தியில் உப்பு வாரி விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோனவன். இடது சுண்டுவிரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைத்தால்தான் பச்சை விளக்கு எரியும். அதுவரை மெஷின் கூவிக்கொண்டே இருக்கும்.

போன் போட்டாள்.

"என்னங்க, விரல் வெச்சிட்டீங்களா?"

"இன்னும் மோட்டார்கிட்டதான் இருக்கேன். ஆஃப் பண்ணிட்டு வர்றேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. போன வெச்சிடாதீங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து ஆபீஸ் கதவைத் தாழிட்டாள். உப்புப் படிந்து மங்கிய கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பாத்திகளில் கடைசி வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது; உப்பங்கழிச் சேற்று வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்தது; போனுக்குள் மோட்டார் டுபுடுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது, அதன் நடுவே அவன் மூச்சு கேட்டது. அந்த மூச்சு கேட்டுக்கொண்டிருந்தவரை அவளுக்குத் தைரியமாக இருந்தது.

ஆறு முப்பத்தெட்டு. வரப்பில் ஈரக்கால் சத்தம்.

"என்னங்க, வந்துட்டீங்களா?"

போனில் மோட்டார் இன்னும் ஓடியது. மூச்சுச் சத்தம் இல்லை.

"என்னங்க, ஏதாவது பேசுங்க."

மோட்டார் மட்டும்.

அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஓட வேண்டும். வெளியே போக இருப்பது இந்த ஒரு கதவுதான்.

கால் சத்தம் படியேறியது. நின்றது.

ஆறு நாற்பத்தொன்று.

மெஷின் கூவவில்லை. தொட்டதும் பச்சை.

"யுவா, வந்துட்டேன். கதவத் தெற."

அவன் குரலேதான்.

கதவின் உப்புப் படலத்தில் ஐந்து விரல்கள் மெல்ல அழுந்தின. ஒவ்வொன்றிலும் ரேகை சுழிசுழியாக, ஒரு கோடுகூடத் தேயாமல், முழுசாக இருந்தது.