குளிர்க்கம்பி

சந்துக்கு மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரன் மிஸ்ஹிருக்குக் கலஃப் தரவேண்டிய பாக்கி முப்பத்தாறாயிரம் தினார். அதற்காகக் கலஃபின் கம்பி வெட்டப்பட்ட அதே மாலையில், பக்கத்து வீட்டு நஸ்ஹத் செத்துப்போனாள். நெஞ்சுநோய்க்காரி. மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின்தான். அது கருகிக் கிடந்தது.

பஸ்ராவில் எங்கள் சந்துக்குத் துணை ஆய்வாளர் ஷாக்கிர் வந்தபோது மணி ஆறு. நஸ்ஹத்தின் கணவன் ஹாத்திம் கத்தினான்.

"இந்தக் கலஃப்தான் ஐயா திருட்டுக் கம்பி போட்டிருப்பான்! காசு கட்ட வக்கில்ல, ஹீட்டர் மட்டும் வேணும் துரைக்கு!"

"உங்க வீட்ல என்ன ஆச்சு?"

"பல்பு பளீர்னு எரிஞ்சு வெடிச்சுது. மெஷின்ல புகை."

"கலஃப், உன் வீட்ல?"

"பல்பு அணையல ஐயா. செவசெவன்னு மங்கிச்சு. கொஞ்சம் கழிச்சுதான் இருட்டு. மிஸ்ஹிருக்கு வெட்டக்கூடத் தெரியலன்னு சிரிச்சேன்..." வாயைப் பொத்திக்கொண்டான்.

மிஸ்ஹிர் தலை நிமிரவில்லை. செத்தவள் அவனுடைய அக்கா.

ஷாக்கிர் மாடி ஏறினார். இரண்டு வீட்டுக் கறுப்புக் கம்பிகளும் சேர்த்து முறுக்கியிருந்தன. எங்கள் பேச்சில் மின்சாரம் கொண்டுவரும் கம்பி 'சூடு', அது திரும்பிப் போகிற கறுப்புக் கம்பி 'குளிர்'. குளிருக்கு யாரும் காசு கேட்பதில்லை. உப்பு மாதிரி, கேட்டால் கொடுத்துவிடுவோம்.

"யார் முறுக்கினது?"

"நான்தான்," என்றான் ஹாத்திம். "எங்க குளிர் அறுந்துபோச்சு. இந்தக் கலஃப்தான் 'என்னுதுல சேத்துக்கோ'ன்னான்."

ஷாக்கிர் இறங்கி வந்தார்.

"ஜெனரேட்டர் மூணு ஃபேஸ். இவனுக்கு ஒண்ணு, அவனுக்கு வேற ஒண்ணு. திரும்பிப் போக ஒரே குளிர். அதை அறுத்தா ரெண்டு ஃபேஸும் இந்த ரெண்டு வீட்டுக்குள்ளயே மோதும். முந்நூத்தி எண்பது வோல்ட். ஹீட்டர் ஓடுற வீடு மங்கும், சின்ன மெஷின் இருக்கிற வீடு கருகும். சூட்டை வெட்டியிருந்தா கலஃப் வீடு அப்பவே இருட்டாகியிருக்கும். நீ குளிரை வெட்டியிருக்கே மிஸ்ஹிர். ஏன்?"

"சூட்டைத் தொடணும்னா ஜெனரேட்டரை நிறுத்தணும் ஐயா. நிறுத்தினா அக்காவுக்கு மூச்சு நின்னுடுமேன்னு..."

மூன்றாம் நாள் கலஃப் ஹீட்டரை விற்று, மீதியைக் கைமாற்று வாங்கி, காவல் நிலையத்துக்குப் பாக்கிப் பணத்தோடு போனான்.

மிஸ்ஹிர் லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்தான். கை நீட்டவில்லை.

"எடுத்துட்டுப் போண்ணே. அத அக்கா கட்டிடுச்சு."