காவல் மாத்த வந்தவன்

காவல் அறையிலிருந்து கீழ்த்தட்டுக்குப் பேசுகிற குழாயின் பித்தளை மூடி ஈரமாக இருந்தது. யாரோ இப்போதுதான் வாய் வைத்துப் பேசிவிட்டுப் போனது போன்ற ஈரம். தொட்டால் இளஞ்சூடு.

ஆளில்லாத கப்பல் அது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியருக்கு ரோந்து போய், பிறகு ஒல்லாந்தரிடமும் எகிப்தியரிடமும் கைமாறி, எழுபத்தைந்தாம் ஆண்டு உடைபடுவதற்காகச் சிட்னிக்கு இழுத்து வரப்பட்டது. டீசலும் பாசியும் நாறும் அறைகளில், தன் சப்பாத்துச் சத்தத்தை மட்டுமே துணையாகக் கேட்டுக்கொண்டு, கழற்ற வேண்டிய பித்தளைக்கெல்லாம் வெண்கட்டியால் குறி போடுவது ஆனந்தராஜாவின் வேலை.

இன்று நாலு மணி பிளேனில் கமலினி வருகிறாள். கலியாணம் முடிந்த பத்தாம் நாள் ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறான்.

"மாப்பிளை, மூண்டு மணிக்குக் கேற்றடியிலை காரோட நிப்பன்," என்று கூட்டாளி சிறிதரன் காலையில் சொல்லியிருந்தான். "பிந்தினீரெண்டால் நானே போய் மாலை போட்டிடுவன்!"

குழாயருகே இரும்பில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் அடித்து ஒரு கோடு. கடைசிப் பெயருக்கு மட்டும் கோடில்லை.

குழாய்க்குள் மூச்சுக் கேட்டது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. பிறகு அவன் அறியாத இரண்டு மொழிகளில். பிறகு,

"காவல் மாத்த வந்தனீரோ?"

தமிழ்! சிறிதரன்தான், நேரத்தோடு வந்து கீழே நின்று பகிடி விடுகிறான். அந்த இரும்புக்குள் ஊர்ப்பேச்சைக் கேட்டதும் கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தான். குழாயில் வாயை வைத்தான்.

"ஓம், வந்தனான்."

கீழே ஒரு நீண்ட பெருமூச்சு. படிகளில் ஈரக் கால்கள் ஏறி, அறை வாசலைக் கடந்து போயின. கதவு சாத்திக்கொண்டது.

"சிறி?"

பக்கத்தில் இரும்பு கீறுபட்டது. கடைசிப் பெயரின் மேல் கோடு. அதன் கீழே தமிழ் எழுத்து. ஆ. ன. ந். த.

கதவை உதைத்தான். சத்தமே எழவில்லை.

வட்டக் கண்ணாடிச் சன்னல் வழியே வெளியே பார்த்தான். மூன்று மணி வெயில். இறங்குபலகையில் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். இவனுடைய உயரம். இவனுடைய நடை.

"என்ன மாப்பிளை, தெப்பமா நனைஞ்சிருக்கிறீர்!" கேற்றடியில் நின்ற சிறிதரன் சிரித்தபடி கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"அது நானில்லை, சிறி! கமலினியிட்டைக் கொண்டு போகாதையும்!" ஆனந்தராஜா கண்ணாடியில் அறைந்து கத்தினான்.

காரில் ஏறுமுன் அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். ஆனந்தராஜாவின் முகம். அதிலிருந்து கடல்நீர் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது.