வாசலில் ஒரு பள்ளம்

வாசல் கால்மிதியின் மேல் அன்று ரொட்டித் துண்டு கிடக்கவில்லை.

கையில் துடைப்பத்தோடு அவள் குனிந்து பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, யாருக்கும் தெரியாமல் உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு போய், கதவுக்கு முன்னால் விரித்திருக்கும் கறுப்புக் கால்மிதியில் போடுவது அவளுடைய கணவரின் வழக்கம். அவர் கண்ணயர்ந்ததும் அவள் பெருக்கி எடுப்பாள். இன்று பெருக்க ஒன்றுமில்லை. துணுக்குகூட இல்லை. எறும்பும் இல்லை. அவரே எடுத்துத் தின்றிருப்பார் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போனவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களுக்கு அடியில், லிஃப்ட் வந்து நிற்கும் குழிக்குள் இறங்கி இறங்கி வேலை பார்த்து, கிரீஸும் ஈரமும் கலந்த வாடையோடு வீடு திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். கல்யாணமான நாள்முதல் மனைவியைக் கூப்பிட அவர் வைத்திருந்த சொல் 'இந்தா' ஒன்றுதான். மறதி நோய் வந்து அந்த 'இந்தா'வையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவளை 'நர்ஸம்மா' என்கிறார். வீட்டுக்கு வந்து போகும் உண்மையான நர்ஸை 'டீச்சர்' என்கிறார்.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு போனவரை, பேருந்துகள் பறக்கும் சாலையின் நடுவிலிருந்து யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவளுடைய தம்பி அந்தக் கால்மிதியை வாங்கிவந்தான். "அக்கா, இந்த நோய்க்காரங்களுக்குக் கறுப்பா எது இருந்தாலும் பள்ளமாத் தெரியுமாம். தாண்டவே மாட்டாங்க, பாரேன்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. கதவை நோக்கி விறுவிறுவென்று வந்தவர், விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப் பின்வாங்கினார். ஆனால் மறுநாளும் வந்து எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நர்ஸம்மா, கீழ என் பொண்டாட்டி கிடக்கா. விழுந்துட்டா போல. பசிக்குதுங்கிறா."

ரொட்டி காணாமல் போன அன்று நர்ஸ் வந்தபோது அவள் இதையெல்லாம் சொன்னாள். மறதி நோய் புகுந்த வீடுகளுக்கென்றே பயிற்சி பெற்றவள் அந்த நர்ஸ். "அவரை டாக்டர் பாப்பாரு, நான் உங்களைப் பாக்கத்தான் வர்றேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னவள்.

"அந்தக் கால்மிதியை முதல்ல எடுத்துடுங்கக்கா. அவரு பயந்து நிக்கறது நமக்குப் பாதுகாப்பு, ஆனா அவருக்கு அது நரகம் இல்லையா? கதவுல மணி கட்டலாம், திரை போடலாம். வேற வழி நெறைய இருக்கு." பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எப்படி இருக்கீங்க?"

அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தப் பள்ளத்துக்கிட்ட அவரு என்ன பேசறாரு தெரியுமா? குளிருதாடி கண்ணுங்கிறாரு. நான் இருக்கேன், பயப்படாதேங்கிறாரு. இத்தனை வருஷத்துல எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் பின்னாடியே நிக்கறேன். குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"அவரு தேடறது உங்களைத்தான்கா."

"அப்ப ஏன் நான் கண்ணுக்குத் தெரியல?"

நர்ஸ் அவள் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் போனதும் அவள் கால்மிதியைச் சுருட்டிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டாள். அடியில் வெளிர் நிறத் தரைக்கல். தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. தரைத்தளத்து வீடு, கீழே வெறும் மண்தான். ஆனால் தூங்கி எழுந்து வந்தவர், கால்மிதி கிடந்த அதே விளிம்பில் நின்றார். அதே இடத்தை எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் அந்தப் பக்கம் போன பிறகு அவள் தண்ணீர் தெளித்துத் துடைக்கப் போனாள். கல்லிலிருந்து ஒரு வாடை வந்தது. கிரீஸ், ஈரம், மூடிக் கிடந்த இடத்துக் காற்று. இத்தனை வருஷம் அவருடைய சட்டைகளைத் துவைத்த மூக்குக்கு அது தெரியாமல் போகுமா? துணியைப் பிழிந்தபோது அவள் ரவிக்கையிலிருந்து ஊக்கு ஒன்று கழன்று, அந்த இடத்தில் விழுந்தது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தேடினாள். ஊக்கைக் காணோம். மண்டியிட்டபடியே காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். சுவர்க் கடிகாரம் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. பிறகு, வெகு நேரம் கழித்து, வெகு ஆழத்தில், ஒரு சின்ன 'டிங்'.

எழுந்து ஓடி நர்ஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "அக்கா, தூங்கி எத்தனை நாளாச்சு? தனியா இருக்காதீங்க. தம்பியைக் கூப்பிடுங்க. நானும் கிளம்பி வர்றேன்." தம்பியும் வருவதாகச் சொன்னான். அவள் வீடு முழுக்க விளக்கைப் போட்டாள். பொழுது சாயும் நேரத்தில் அவருக்குக் கலக்கம் கூடும், நிழல் விழாமல் வெளிச்சமாக வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவருக்குப் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.

டப்பென்று எல்லாம் அணைந்தது.

மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. தெளிவான குரல், வேலைக்குப் போன காலத்துக் குரல்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன். இனி பயமில்ல. கையை நீட்டு."

"ஏங்க!" என்று ஓடினாள்.

கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக அந்தி வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். வலது கை தெரியவில்லை. தோள்வரைக்கும் தெரியவில்லை. தோளுக்குக் கீழே தரைக்கல்லும் இல்லை. கறுப்புதான் இருந்தது.

"இங்கதாங்க இருக்கேன்" என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல். அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன.

அவர் உடல் சறுக்கியது. மார்பு விளிம்பைத் தாண்டியது. பாய்ந்துபோய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். கனத்தார். இருவருமாகச் சறுக்கினார்கள்.

"என்னைப் புடிக்காதீங்க நர்ஸம்மா. அவளைப் புடிங்க. ஒரு கை குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் தாய் செத்தபோதுகூட அழாதவர்.

அவள் கையை உள்ளே விட்டாள். குளிர். மேலும் விட்டாள். ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. சூடாக இருந்தது. நாடி துடித்தது. அதன் விரல்கள் அவள் விரல்களைப் பற்றின. பற்றிய விதம் பழக்கமானது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவரும் இழுத்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து இழுத்தார்கள்.

முதலில் கை வந்தது. தையல் ஊசி ஏறிப் பிளந்த ஆள்காட்டி நகம். அவளுக்கும் அதே விரல், அதே நகம். பிறகு கூந்தல். கறுகறுவென்று, ஈரமாக, நீளமாக. அவளுக்கு அப்படி இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு தோள்கள். அவர் ஆசையாய் அணைத்துத் தூக்கி, மடியில் கிடத்தி, முகத்தில் ஒட்டியிருந்த கூந்தலை ஒதுக்கினார்.

கூந்தலுக்கு அடியில் முகம் இல்லை. நெற்றி முதல் மோவாய் வரைக்கும் வெறும் தோல். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. தண்ணீரில் ஊறிய சோப்புக்கட்டிபோல வழவழப்பு.

அவர் சட்டை நுனியால் அந்த வெறும் இடத்தைத் துடைத்தார். பதமாக, மெதுவாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் மெதுவாக.

"அப்படியே இருக்கியேடி கண்ணு. கொஞ்சங்கூட மாறல."

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. ஓடவும் தோன்றவில்லை. 'நான்தாங்க, இங்க பாருங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை.

அவர் நிமிர்ந்தார். மாதக்கணக்கில் மங்கிக் கிடந்த முகம் பூரித்திருந்தது.

"நர்ஸம்மா, இவதான் என் பொண்டாட்டி" என்றார் பெருமையோடு. "எப்படிச் சிரிக்கிறா பாருங்க."

அது அவள் பக்கமாகத் திரும்பியது.