ஒன்பதாவது குளியல்

காலையில் அலுவலகம் வந்ததும் வஞ்சிக்கொடி தப்பு செய்ய உட்கார்ந்தாள். அதுதான் அவள் வேலை. கோயம்புத்தூரில் மற்ற எல்லோர் காதிலும் வழித்துணை என்ற கருவி இருந்தது. இன்னதைச் செய் என்று அது சொல்லும், ஜனங்கள் செய்வார்கள், தப்பே நடக்காது. ஆனால் மென்பொருள்களைத் தாறுமாறாகத் தட்டிச் சோதிக்க, தப்பு செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமே. அதற்காக உரிமம் பெற்ற தவறுநர்களில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

தொடர்ந்து மூன்று மென்பொருள்களில் பழுது கண்டுபிடிக்காவிட்டால் உரிமம் போய்விடும்; அவள் காதிலும் கருவியை மாட்டிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டில் ஒரு பழுதும் சிக்கவில்லை. இன்று மூன்றாவது, குடிநீர்ப் பங்கீடு; யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று வழித்துணைக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கத்தரிக்காய் என்று பதில் போட்டாள். பிறந்த தேதிக்கு நாளைய தேதியைக் கொடுத்தாள். அந்தச் சனியன் எல்லாவற்றையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. வெறுத்துப்போய், ஊராருக்கு நாளொன்றுக்கு எத்தனை குளியல் என்ற இடத்தில் பதினான்கு என்று தட்டினாள். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது.

மாட்டியது என்று துள்ளினாள். ஆனால் விதிப்படி, பயனர் புகார் செய்தால்தான் அது பழுது. சோதனை நகலுக்குள் இருக்கும் பொம்மைக் குடிமக்கள் எப்படியும் கத்துவார்கள் என்று மாலைவரை காத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போது மேலாளர் சென்னியப்பன் ஈரத்தலையோடு, பல் கிடுகிடுக்க உள்ளே வந்தார். வஞ்சிக்கொடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மார்கழிக் குளிரில் தெருவே ஈரத்தலையோடு போய்க்கொண்டிருந்தது. சட்டென்று திரும்பித் திரையின் தலைப்பைப் படித்தாள். சோதனை நகலுக்குப் பதில், ஊரில் ஓடுகிற அசலையே திறந்து தட்டியிருக்கிறாள். அவசரமாகப் பதினான்கை ஒன்றாக மாற்றினாள்.

"யாருமே ஏன்னு கேக்கலீங்களா?"

"எதுக்குங்க கேக்கோணும்? வழித்துணை சொல்லுது, குளிக்கறோம். எனக்கு இது ஒம்பதாவது."

நடந்ததை அவள் சொன்னபோதும் அவர் கோபப்படவில்லை. கருவி அப்படிச் சொல்லவில்லை. புகார் இல்லை, ஆகவே பழுதும் இல்லை என்று வருத்தத்தோடு விளக்கிவிட்டு, அவளுக்கான கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் உங்களுதக் கழட்டுங்க. இப்பச் சொல்லுங்க, உங்களுக்கு எப்படி இருக்குது?"

கழற்றினார். வெகுநேரம் யோசித்தார்.

"குளிருதுங்க," என்றார் மெதுவாக. கண் கலங்கிவிட்டது. "ரொம்பக் குளிருதுங்க."

அவர் கருவியை மறுபடி காதில் மாட்டுவதற்குள் வஞ்சிக்கொடி அதை முதல் புகாராகப் பதிந்துவிட்டாள்.