இலேசான நூல்

பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, எப்போது மோருக்கு வருவான் என்று அவன் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் மதுரையை விட்டே போய்விட்டது. இடம் காலியானதும் அவரவர் கைப்பட்டை “இப்போது கிளம்பலாம்” என்று சொல்லும். அது சொல்லாமல் யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. மகள் கல்யாணத்தில் சமையல், மேளம், மாலை எல்லாம் அதது நேரத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்க மங்கையர்க்கரசிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கைப்பட்டைகள் வழியே இதையெல்லாம் நடத்துகிற வரிசைப்பொறியின் விதிகளை எழுதியவள் அவள்தான்.

யோசனை பழைய வேலையில் பிறந்தது. கணினி நிரல்களைத் தொகுக்கும்போது ஒரு கோப்புக்கு எது தேவையோ அதை முதலில் வைக்க வேண்டும். இரண்டு கோப்புகள் ‘நீ முதலில்’ என்று ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தால் தொகுப்பி அப்படியே நின்றுவிடும். ஊர் அப்படி நிற்க முடியுமா? அதனால், இப்படி வட்டம் விழுந்தால், ஒன்றை மற்றொன்றோடு கட்டியிருக்கும் நூல்களில் இருப்பதிலேயே இலேசானதை, அதாவது மிகக் குறைவானவை காத்திருக்கும் நூலை, அறுத்துவிட்டு மேலே போ என்று எழுதினாள். அறுத்ததைத் திரும்பக் கட்டாதே என்றும் சேர்த்தாள். இல்லாவிட்டால் பொறி சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும்.

கல்யாணத்தில் ஒரே ஒரு குறை, அண்ணன் சௌந்தரபாண்டி. அவர் வீட்டுப் பால்காய்ப்புக்கு வேலை வேலை என்று இவள் போகாமல் இருந்துவிட்டாள். அவர் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. தங்கச்சி நேரில் வந்து அழைத்தால் வருவேன் என்று அவர் பொறியிடம் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு வார்த்தை பேசினால் போய் அழைப்பேன் என்று இவள் சொல்லியிருந்தாள். கடைசியில் தாய்மாமன் மாலையை ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் போட்டார். பொறி அவரைச் சரியான நேரத்துக்கு மேடையேற்றியிருந்தது. இவ்வளவு வீம்பா இந்த மனுஷனுக்கு என்று மங்கைக்கு வயிறு எரிந்தது.

மண்டபத்தைக் காலி செய்கையில் மனசு கேட்காமல், அண்ணன் ஏன் வரவில்லை என்று கைப்பட்டையிடம் விசாரித்தாள்.

“அவர் இன்று விடிந்ததுமே நிபந்தனையை விலக்கிக்கொண்டார். ஆனால் அவர் வருகை நேற்றே அறுக்கப்பட்டுவிட்டது. தாலிகட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை, ஒரு மாலைதான் காத்திருந்தது. இருந்ததில் அதுவே இலேசான நூல்.”

கிளம்பலாம் என்று அது சொல்லவில்லை. மங்கை கிளம்பினாள்.

அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கதவு திறந்தே கிடந்தது. சீர்த்தட்டுகள் மூடிய துணி விலகாமல் வரிசையாக இருந்தன. மாலை வாடிப்போயிருந்தது. பட்டுக்கரை வேட்டியில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மதினி மெதுவாகச் சொன்னாள்.

“முடிஞ்சிருச்சா மங்கை?”

அவள் தலையாட்டினாள்.

“கூப்பிடாட்டியும் வர்றேன்னு விடிஞ்சதுமே சொல்லிட்டேன். இந்தா கிளம்பச் சொல்லும், இந்தா சொல்லும்னு உக்காந்துட்டேன். ரெண்டு தெரு. எந்திரிச்சு நடந்து வந்திருக்கலாம்ல. தோணவே இல்ல பாரு.”

அவளுக்கும்தான் தோன்றவில்லை. மேடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, இறங்கி வந்து கூப்பிட அவளுக்கும் கால் எழவில்லை. அதை நினைத்தபோது அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்தது. பொறி சொன்னதையெல்லாம் அண்ணனிடம் சொன்னாள். விதியை எழுதியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அவர் வாடிய மாலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “தாய்மாமன் இலேசுன்னு எந்த மகராசன் எழுதி வச்சானோ. அவனுக்குக் கூடப்பொறந்தவங்கன்னு யாரும் இருந்திருக்க மாட்டாங்க, விடு.”

“அண்ணன் இருந்தாருண்ணே” என்றாள் மங்கை.