பையன்தான் இருக்கான்!

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தாலும் காஞ்சிபுரத்துக் கூட்டம் லேசில் கலையாது. அந்தக் கூட்டத்தில் தொலைகிற பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்க்கத் தெருமுனையில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் பொறுப்பு ராமராஜனுக்கு. அவர் டீ குடிக்கப் போகும்போது மகள் கலையரசி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்புக்காரிக்குக் கேட்கவா வேண்டும்? தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். மஞ்சள் சட்டை, கால்சட்டை. பேர் கேட்டால் வாயே திறக்கவில்லை. மேசைக்குப் பின்னால் பாயில் உட்கார வைத்ததும், அழுத களைப்பில் தூங்கிப்போனது.

கலையரசி மைக்கைப் பிடித்தாள். "மொட்டை அடிச்ச பையன் ஒருத்தன் இங்க இருக்கான்! பெத்தவங்க வந்து கூட்டிக்கினு போங்க!"

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தார். "பாப்பா, எம்பொண்ணைக் காணோம்மா. இங்க வந்தாளா?"

"பொண்ணு யாரும் இல்லீங்க. பையன்தான் இருக்கான்," என்றாள் கலையரசி, பெரிய அதிகாரி மாதிரி.

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

குரல் கேட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. "அம்மா! அம்மா போறாங்க!" என்று வீறிட்டது.

கலையரசிக்குத் திக்கென்றது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஆளைக் காணோம். ஐயையோ, பெற்ற தாயையே திருப்பி அனுப்பிவிட்டோமே! அவமானத்தில் அவள் காது இரண்டும் சுட்டன. மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"நீ... பையனா, பொண்ணா?"

"நான் வாண்டு!" குழந்தை ரோஷமாகச் சொன்னது.

"யாரு அப்படிக் கூப்பிடுவாங்க?"

"எங்கம்மா!"

மைக்கில் தப்பை ஒத்துக்கொண்டால் ஊரே கேட்கும். நாளைக்குப் பள்ளியில் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். ஆனால் அந்தம்மா இப்போது எங்கே நின்று அழுகிறாரோ? கலையரசி மறுபடி மைக்கை எடுத்துப் பேசினாள்.

"மன்னிச்சுக்கோங்க. கேக்காமலே பையன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான். இங்க ஒரு வாண்டு இருக்குது. மொட்டைத் தலை, மஞ்சச் சட்டை. பொண்ணைத் தேடினாலும் பையனைத் தேடினாலும் வந்து பாருங்க. வாண்டோட அம்மா, சீக்கிரம் வாங்க!"

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். கலையரசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"என் வாண்டு! சிம்ரன் கண்ணு!" அதே அம்மா பாய்ந்து வந்து குழந்தையை வாரி எடுத்தார்.

"நான்தான் உங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்," என்று சொல்லும்போதே கலையரசிக்கு அழுகை முட்டியது. "உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்குது."

"நீ ஏம்மா அழுவுற?" அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "காலையில இவளுக்கும் எங்க அண்ணன் பையனுக்கும் மொட்டை அடிச்சோம். இப்போ கூட்டத்துல இவன்னு நெனச்சு... ச்சே, இவள்னு நெனச்சு, அவனைத் தூக்கிக்கினு பாதித் தெரு போயிட்டேன். அப்பதான் இவ தொலைஞ்சதே!"

"அவன் என்னைவிட குண்டும்மா!" என்றது வாண்டு, கோபமாக.

கலையரசி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.